மேலூர் 77 நாளில் ஜெயித்தது, ராமநாதபுரத்தில் ஏன் இழுக்கிறது?

26 ஆகஸ்ட் 2025 (வாசகர் கேள்வி)

அண்ணே, நான் ராமநாதபுரம் பக்கம். எங்கள் மாவட்டத்தில் எண்ணெயும் எரிவாயுவும் இருக்கிறதா என்று பார்க்க ஒன்றிய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி 20 சோதனைக் கிணறு தோண்டுவதற்கு மார்ச் மாதமே சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிய வந்தது இந்த மாதம்தான். அந்த அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லியிருப்பதாக மாநில அரசு அறிவித்திருக்கிறது, அதுவரைக்கும் சந்தோஷம். ஆனால் எங்கள் ஊர் மந்தையில் கூட்டம் போட்டால் முப்பது பேர் தேறவில்லை. நீங்கள் டங்ஸ்டன் சுரங்கத்தை 77 நாளில் விரட்டினீர்கள். எங்கள் ஆட்களுக்கு அந்த ரோஷம் ஏன் இல்லை?

26 ஆகஸ்ட், இரவு

தம்பி, ரோஷக் கணக்கை முதலில் விடுங்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2024 நவம்பர் 7 அன்று, மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலத்தில் ஜெயித்த நிறுவனத்தை ஒன்றிய அரசு அறிவித்தது. 2,015.51 ஹெக்டேர், ஏறக்குறைய 5,000 ஏக்கர். எல்லாம் ஒரே அறிவிப்பில். அரிட்டாபட்டி, வல்லாளப்பட்டி, கிடாரிப்பட்டி, நரசிங்கம்பட்டி, மீனாட்சிபுரம் என்று ஊர்ப்பெயர்கள் பேப்பரில் வரிசையாக வந்தன. அதில் அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசே அறிவித்த இடம். ஏழு குன்று, 72 நீர்நிலை, 200 ஊற்று என்று எண்ணிச் சொன்னார்கள். ராசாளிப் பறவைகள் கூடு கட்டும் பாறைகள், கழிஞ்சமலையில் தமிழ் பிராமிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, பாண்டியர் குடைந்த சிவன் கோயில். இது போகப்போகிறது என்று யாருக்கும் விளக்கவே தேவையில்லை. வீட்டு வாசலில் நின்றால் மலை தெரிகிறது.

நவம்பர் 23இல் கிராம சபைத் தீர்மானங்கள். டிசம்பர் 9 சட்டமன்றத் தீர்மானம். ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் வரை நடந்தோம். மேலூரில் ஒரு கடை திறக்கவில்லை. எனக்கு முன்னால் ஓர் அப்பத்தா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தூக்குவாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தது. ஒத்தக்கடையில் தண்ணீர் கொடுத்தவர்களிடம், “எனக்கு வேணாம், பின்னால பிள்ளைக வருது, அதுகளுக்குக் குடு” என்றது. ஜனவரி 23 அன்று ஏலத்தை ரத்து செய்தார்கள்.

எங்கள் பக்கம் மண்ணை விலை பேச விடமாட்டார்கள். நாட்டார் கட்டு, கரை, அம்பலம் என்று ஊர் கூடி முடிவெடுக்கும் பழைய ஏற்பாடெல்லாம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு ஊரில் முடிவெடுத்தால் பதினெட்டு ஊருக்குச் செய்தி போகும். உங்கள் பக்கம் அந்தக் கட்டு தளர்ந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

27 ஆகஸ்ட்

நேற்று ஒன்று விட்டுப்போனது. கட்சிகள் எல்லாம் ஒரு பக்கம் நின்றன. சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டது மாநில ஆளுங்கட்சி, ஊர்க்காரர்களை டெல்லிக்கு அழைத்துப் போய் அமைச்சரைப் பார்க்க வைத்தது ஒன்றிய ஆளுங்கட்சியின் மாநிலத் தலைவர். எதிர்த்துப் பேச ஒரு கட்சியும் மிஞ்சவில்லை. இப்படி அமைவது அபூர்வம். இதை மறைத்துவிட்டு எங்கள் வீரத்தை மட்டும் சொன்னால் உங்களுக்குத் தப்பான வழி காட்டியதாகிவிடும்.

30 ஆகஸ்ட்

உங்கள் கேள்வியில் “மார்ச் மாதமே” என்று ஒரு வார்த்தை இருக்கிறது. மூன்று நாளாக அதுதான் மண்டைக்குள் ஓடுகிறது.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடத்தும் மச்சான் ஒருவரிடம் கேட்டேன். அவர் சொன்னதைப் பிறகு நானும் படித்துச் சரிபார்த்தேன். 2006இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகள் ‘ஏ’ பிரிவில் இருந்தன. டெல்லியில்தான் அனுமதி வாங்க வேண்டும். 2020 ஜனவரியில் ஒரு திருத்தம் போட்டு ஆய்வுக் கிணறுகளை ‘பி2’வுக்கு இறக்கினார்கள். ‘பி2’ என்றால் மாநில அளவிலேயே அனுமதி. முழு மதிப்பீட்டு அறிக்கை வேண்டாம், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் வேண்டாம்.

கருத்துக் கேட்பை வெறும் சடங்கு என்று நானே பேசியிருக்கிறேன். ஆனால் அது ஒரு தேதி, தம்பி. ஆட்சியர் அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வரும், பேப்பரில் விளம்பரம் வரும், ஊர் கூடுவதற்கு ஒரு நாளும் இடமும் கிடைக்கும். அந்த நாளையே எடுத்துவிட்டால் எதற்குக் கூடுவது, எப்போது கூடுவது?

இன்னொன்று. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள்தான் கெடு. தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். மார்ச்சில் கொடுத்தது ஆகஸ்டில் தெரிந்தால் விரலை விட்டு எண்ணிப் பாருங்கள். உத்தரவு எந்தத் தேதியில் மக்களுக்குத் தெரிவிக்கப்பட்டது என்று வாதாட இடம் உண்டு, அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். மந்தைக்கு வந்த அந்த முப்பது பேரைக் குறை சொல்லாதீர்கள். ஆட்டம் முடிகிற நேரத்தில்தான் அவர்களுக்கு டிக்கெட்டே கிடைத்திருக்கிறது.

3 செப்டம்பர்

முதல் நாள் நான் எழுதிய ஒரு வரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். “எங்கள் பக்கம் மண்ணை விலை பேச விடமாட்டார்கள்” என்று எழுதினேன். அது பொய். வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை, ஆனாலும் பொய்தான்.

நேற்று வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தவர், “நான் கையெழுத்துப் போட்டதையும் எழுது” என்றார்.

1998. எங்கள் ஊருக்கு மேற்கே கிரானைட் குவாரி ஆரம்பித்த நேரம். லாரிப் பாதைக்கு என்று பெரியப்பாவிடம் 40 சென்ட் கேட்டார்கள். மானாவாரிப் புஞ்சை, அந்த வருடம் கடலையும் கருகிப் போயிருந்தது. கொடுத்துவிட்டார். அவருக்கு அடுத்த புஞ்சைக்காரரும் கொடுத்தார், அதற்கடுத்தவரும் கொடுத்தார். என்ன விலை என்று ஒருவர்கூட வெளியே சொல்லவில்லை. அதிகம் வாங்கியவருக்குச் சொன்னால் பொறாமைப்படுவார்கள் என்று பயம். குறைவாக வாங்கியவருக்கு வெட்கம். பங்காளிகளுக்குள்ளேயே பேச்சு இல்லை.

பாதையை ஆள் உயரத்துக்கு மேடாக்கினார்கள். அதற்கு அடியில் போனது எங்கள் கண்மாயின் வரத்துக் கால்வாய். ஒரு சிமெண்டுக் குழாய் போட்டார்கள், அடுத்த ஐப்பசியில் அது அடைத்துக்கொண்டது. கல் அறுத்த தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக ஓடி வயலில் தங்கும். காய்ந்த பிறகு சுண்ணாம்பு பூசின சுவர் மாதிரி தரை இறுகிக் கிடக்கும், மண்வெட்டி இறங்காது. மாடு அந்தத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். எட்டாம் வகுப்பு படிக்கும்போது பார்த்தது, இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

அப்போதும் நாட்டார் இருந்தார்கள், கரை இருந்தது, அம்பலம் இருந்தது. ஒருவரும் ஊர்வலம் போகவில்லை. 2012இல் சகாயம் மதுரை ஆட்சியராக இருந்து எழுதிய அறிக்கை வெளியான பிறகுதான் மேலூர் குவாரி விவகாரம் நாட்டுக்குத் தெரிந்தது. 2014இல் உயர் நீதிமன்றம் குவாரி விசாரணைக்கு அவரையே நியமித்தது. அதற்குள் சில குன்றுகள் இருந்த இடத்தில் பள்ளம்தான் இருந்தது.

ஆக, அதே மேலூர்தான், அதே மக்கள்தான். கிரானைட் பட்டா பட்டாவாக வந்தது, நாங்கள் தோற்றோம். டங்ஸ்டன் 5,000 ஏக்கராக மொத்தமாக வந்தது, ஜெயித்தோம். உங்கள் பக்கம் எண்ணெய்க் கிணறு எங்கள் கிரானைட் வந்த வழியில்தான் வருகிறது. முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

4 செப்டம்பர்

ஒருவர் கேட்டிருக்கிறார், இது மேலூருக்கு மட்டும் பொருந்துகிற கணக்கா என்று. டெல்டாவைப் பாருங்கள். 2023 மார்ச் கடைசியில் நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு மூன்றும் இடம்பெற்றன. ஏப்ரல் 8 அன்று மூன்றையும் நீக்கிவிட்டதாக ஒன்றிய அமைச்சர் அறிவித்தார். சுமார் பத்து நாள்! மொத்தமாக, வெளிப்படையாக வந்தது.

அதே வருடம் ஜூலையில் வளையமாதேவியில் பச்சை நெல்லுக்குள் நெய்வேலி சுரங்கத்தின் கால்வாய்க்காக எந்திரம் இறங்கியது. அந்தப் படத்தைப் பார்த்துத் தமிழ்நாடே கொதித்தது. ஆனால் அந்த நிலங்களை வருடங்களுக்கு முன்பே கையகப்படுத்திவிட்டோம் என்றது நிறுவனம். நெல் மட்டும்தான் விவசாயி கையில் இருந்திருக்கிறது. எந்திரம் வந்த நாளில் எவ்வளவு பேர் திரண்டும் வேலை நிற்கவில்லை. முடிவு எப்போதோ தாளில் நடந்து முடிந்திருந்தது.

15 செப்டம்பர்

நேற்று தம்பியின் ஊருக்குப் போய் வந்தேன். மாட்டுத்தாவணியில் காலை ஆறு மணி பஸ். பரமக்குடி தாண்டினதும் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், நடுநடுவே பனை. மழைக்கு முந்தின புழுதி உழவு நடந்துகொண்டிருந்தது. முண்டு மிளகாய்க்குத் தயாராகும் நிலம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது, மழையை மட்டும் நம்பி விளைகிறது.

இந்த மாவட்டத்துக்கு எரிவாயு புதிதில்லை. வழுதூரில் அதை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையமே இருக்கிறது. பழைய கிணறு ஒன்றைக் காட்டக் கூட்டிப்போனார்கள். நான் பெரிய கோபுரம், புகை, சத்தம் எல்லாம் எதிர்பார்த்தேன். கோபுரம் துளை போடும் மாதங்களில் மட்டும்தான் நிற்குமாம். இப்போது இருப்பது கம்பி வேலி, அதற்குள் கிராவல் கொட்டி மேடாக்கிய தரை, நடுவில் ஆள் உயரத்துக்கு அடுக்கடுக்காக வால்வுகள். அதற்குப் பெயர் கிறிஸ்துமஸ் மரமாம். வால்வுச் சக்கரம் ஒன்றில் சிவப்புப் பெயிண்ட் உரிந்து, உள்ளே துரு. ‘புகை பிடிக்காதீர்’ என்று பலகை. சத்தமே இல்லை. வேலி ஓரத்தில் இரண்டு ஆடு மேய்ந்தது.

இதைக் காட்டி ஒருவரை எப்படிப் பயமுறுத்துவது? எங்களுக்கு மலை போகும் என்று சொல்ல முடிந்தது. இங்கே என்ன போகும் என்று வேலிக்கு வெளியே தெரியவில்லை.

நிலத்துக்காரரிடம் பேசினேன். அறுபது வயதிருக்கும். “ஒத்திக்கு விட்ட மாதிரின்னு நெனச்சேன் தம்பி. ஒத்தின்னா பணத்தக் கட்டிட்டுத் திருப்பிக்கலாம்ல? இத எப்பத் திருப்புறதுன்னு எனக்கு இன்னும் வெளங்கல” என்றார். அந்த மேடு மழைத் தண்ணீரின் பாதையை மாற்றிவிட்டது, ஊரணிக்குப் போக வேண்டியது இப்போது பக்கத்துப் புஞ்சையில் நிற்கிறது. நான் அதற்கு மேல் கேட்கவில்லை. 1998இல் எங்கள் ஊரில் நடந்ததை இன்னொருவர் வாயால் கேட்கிற மாதிரி இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எண்ணெய், எரிவாயுவோடு சேர்ந்து ஆழத்திலிருந்து உப்புத் தண்ணீரும் மேலே வரும். அதைப் பத்திரமாக எங்கே விடுகிறார்கள் என்பதுதான் எந்தக் கிணற்றிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ஏற்கெனவே பாதி இடத்தில் உப்பு ஊறும் மாவட்டத்தில், மிச்சமிருக்கிற நல்ல தண்ணீர் மேலாக ஒரு படலம் மாதிரிதான் கிடக்கிறது. அது போனால் மீளாது.

18 செப்டம்பர்

“நீங்கள் சிலிண்டரில் சமைக்கிறீர்கள், பைக்கில் போகிறீர்கள், எண்ணெய் எடுக்கக் கூடாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. ஆமாம், சிலிண்டரில்தான் சமைக்கிறோம். என் அம்மா விறகடுப்பில் இருமியதைப் பார்த்து வளர்ந்தவன் நான், அந்த அடுப்புக்குத் திரும்பச் சொல்ல மாட்டேன். ஆனால் சிலிண்டர் வாங்குகிறவன் என்பதால், என் ஊருக்கு அடியில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கும் உரிமை எனக்குப் போய்விடுமா? அரிசி சாப்பிடுகிறவன் எல்லாம் தன் வயலை மில்காரருக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமா?

அதோடு, எண்ணெய் வேண்டாம் சூரியசக்தி போதும் என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2,500 ஏக்கரில் இருக்கிறது. கரி எரிக்காத மின்சாரம், எனக்கு அது வேண்டும். அதற்கும் நிலம் வேண்டியிருந்தது, கையெழுத்துகள் வேண்டியிருந்தன. என்ன தோண்டுகிறார்கள் என்பது ஒரு கேள்வி. யாரிடம் கேட்டுவிட்டுத் தோண்டுகிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் விடக் கூடாது.

6 அக்டோபர்

நெடுவாசலை மறந்துவிட்டீர்களே என்று புதுக்கோட்டை நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயம். பட்டா பட்டாவாக வந்த எண்ணெயை எதிர்த்து ஜெயிக்க முடியும் என்பதற்கு நெடுவாசல்தான் சாட்சி. 2017 பிப்ரவரி 15 அன்று அங்கே எண்ணெய், எரிவாயு எடுக்க ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததும் ஊர் போராட்டத்தில் உட்கார்ந்தது. ஜல்லிக்கட்டுக்காக மதுரை தமுக்கத்தில் உட்கார்ந்த சூடு அப்போது ஆறவில்லை. எங்கள் பக்கமிருந்தும் பையன்கள் பஸ் ஏறினார்கள். மாதக்கணக்கில் தொடர்ந்தது. நெடுவாசல்காரர்கள் செய்த பெரிய காரியம் என்று நான் நினைப்பது, ஊரில் வருடங்களாகக் கிடந்த பழைய ஆழ்குழாய்களுக்கே எல்லோரையும் கூட்டிப்போய்க் காட்டியதுதான். கண்ணுக்குத் தெரியாததைத் தெரிய வைத்தார்கள்.

கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று ஓஎன்ஜிசியின் எண்ணெய்க் குழாய் கசிந்தபோதுதான் வெளியூர்க்காரர்களுக்கு விஷயம் புரிந்தது. அதற்கு முன்பே மீத்தேன் எரிவாயு எடுக்கும் திட்டத்தைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் இயற்கை விவசாயத்துக்குப் பாடுபட்ட நம்மாழ்வார். 2013 டிசம்பர் 30 அன்று அந்த வேலையில் இருக்கும்போதே அத்திவெட்டியில் காலமானார். அவர் பேசின காலத்தில் கூட்டத்துக்கு முப்பது பேர் வந்திருந்தால் அதுவே பெரிய கூட்டம்தான். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்ததென்றால் அதன் வேர் அந்தச் சின்னக் கூட்டங்களில் இருக்கிறது.

அந்தச் சட்டத்தில் ராமநாதபுரம் இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், அதிலிருந்து பிரிந்த மயிலாடுதுறை, கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில ஒன்றியங்கள், அவ்வளவுதான். அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்வது ஓர் அறிவிப்பு. அறிவிப்புக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரத்தை ஊரில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

20 அக்டோபர்

தம்பி கேட்ட அடுத்த கேள்வி: கிராம சபையில் தீர்மானம் போடலாமா? போடுங்கள். ஆனால் எங்களுக்கு இருந்த ஒரு வசதி உங்களுக்கு இல்லை. 2024 நவம்பர் 23இல் நாங்கள் தீர்மானம் போட்டபோது ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் இருந்தார்கள். 2025 ஜனவரி 5 உடன் மதுரை, ராமநாதபுரம் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் அவர்கள் பதவிக்காலம் முடிந்தது. இப்போது தனி அலுவலர்கள்தான். வீட்டு வாசலில் போய் நிற்க ஒரு தலைவர் இல்லை. அதனால் மனுவை முன்கூட்டியே எழுதி, கையெழுத்து வாங்கி, ஒப்புகையோடு கொடுத்துவிடுங்கள். ‘எதிர்க்கிறோம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் கண்மாய், எந்த ஊரணி, எந்த வரத்துக் கால்வாய், எந்தச் சர்வே எண் என்று எழுதுங்கள்.

17 நவம்பர்

நேற்று பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். 79 வயது, பஸ்ஸில் மூன்று மணி நேரம் உட்கார முடியாது என்று எல்லோரும் தடுத்தோம். கேட்கவில்லை. வேட்டி மடிப்பில் பாலிதீன் பையில் சுற்றி ஒரு தாளை வைத்திருந்தார். 1998 ஒப்பந்தத்தின் நகல். அதை அவர் வைத்திருந்ததே எனக்குத் தெரியாது.

மந்தையில் அறுபது பேர் இருப்பார்கள், பாதிக்கு மேல் பெண்கள். நான் ‘பி2’, 30 நாள் கெடு என்று அரை மணி நேரம் பேசினேன். மரியாதைக்குக் கேட்டார்கள். அப்புறம் பெரியப்பா எழுந்து தாளைப் பிரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாக வாசித்தார். இடையில் ஓர் அம்மா, “என்ன வெலை குடுத்தாக ஐயா?” என்று கேட்டது.

பெரியப்பா கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். “ஆறாயிரம்” என்றார். எங்கள் வீட்டில் 27 வருடமாக யாருக்கும் தெரியாத எண் அது. பெரியம்மாவுக்கும் தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டது.

யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு பின்னால் வேப்பமரத்தடியில் இருந்து அந்தக் கிணற்று நிலத்துக்காரர் எழுந்து, தனக்கு வருடத்துக்கு என்ன வருகிறது என்று சொன்னார். அவர் பக்கத்தில் இருந்தவர், போன மாதம் அளக்க வந்தவர்கள் தன்னிடம் பேசிய தொகையைச் சொன்னார். “எங்கிட்ட வேற மாதிரில்ல சொன்னாங்க” என்று இன்னொரு குரல். தம்பி நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார். நாங்கள் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மூன்றாவது பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.